அன்புக்கரசி வண்டியின் வளையத் தட்டு

அன்புக்கரசியின் வண்டியில் ஏற்றிய சாமான் ஆடாது என்று நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப்பில் ஒரு பேச்சு இருந்தது. ஸ்டாண்டில் வண்டி போட்டிருந்தவர்களுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

ஆர்ச் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரத்து வாகை மரங்களின் கீழே குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டிகள் வரிசையாக நிற்கும். குவார்ட்டர்ஸ் மாறுகிறவர்கள், ரிட்டயர் ஆகிச் சொந்த ஊருக்குப் போகிறவர்கள், மகளுக்குச் சீர் சாமான் வாங்குகிறவர்கள் எல்லாரும் வண்டி பேச அங்கேதான் வருவார்கள். அந்த வரிசையில் ஒரே பெண் அன்புக்கரசி. வடக்குத்து கிராமத்துப் பக்கம் காலனியில் அவள் வீடு. அம்மாவோடு கரும்பு வெட்டப் போனவள், கல்யாணத்துக்குப் பிறகு டவுன்ஷிப்பில் புல் வெட்டும் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தாள். குனிந்து புல் வெட்டிக்கொண்டிருக்கும்போதெல்லாம் சாமான் ஏற்றிப் போகும் வண்டிகளை நிமிர்ந்து பார்ப்பாள். ஓட்டுகிறவன் வெயிலில் நிற்பதில்லை, யாரும் அவனை மேஸ்திரி போல அதட்டுவதில்லை. லைசென்ஸ் எடுத்து, பழைய வண்டி ஒன்றைப் பிடித்து, ஒருநாள் காலையில் வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

ஸ்டாண்டுக்குத் தலைவர் அய்யாசாமி. ஊர்த்தெருக்காரர், இரண்டு வண்டி வைத்திருந்தார். அவளை அவர் போகச் சொல்லவில்லை. அவள் முறை வரும்போது மட்டும் அவருக்கு எதுவும் கண்ணில் படாது. வாடிக்கையாளரை அடுத்த வண்டிக்குக் கைகாட்டி விடுவார். கேட்டால், "நீ இருக்கறத கவனிக்கல" என்பார். பன்னிரண்டு அடி நீள மஞ்சள் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்லுவார்.

வாடிக்கை இல்லாத நேரத்தில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. மற்றவர்கள் நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுவார்கள். ரவுண்டானாவில் திரும்பும்போது கயிறு நெகிழும். பீரோ ஒரு பக்கம் உரசும், ஃபிரிட்ஜ் கதவில் கோடு விழும். வீட்டுக்காரம்மாக்கள் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்கள். மந்தாரக்குப்பம் காயலாங்கடையில் உடைந்த லாரி ஒன்றின் தரையில் சில இரும்புத் தட்டுகளைப் பார்த்தாள் அன்புக்கரசி. உள்ளங்கை அகலத் தட்டு, மூலைக்கு ஒரு துளை, நடுவில் மடங்கி எழும் வளையம். அவற்றைக் கழற்றி வாங்கி வந்து தன் வண்டியின் தரையில் போல்ட் போட்டுப் பதித்தாள். வளையத்தில் லாரி பெல்ட்டின் கொக்கியை மாட்டி, கைப்பிடியை ஆட்டி இறுக்கினால் பீரோ வண்டியோடு ஒன்றாகிவிடும்.

ஆனால் எல்லாச் சாமானும் ஒரே அளவா? வாஷிங் மெஷினுக்கு வளையம் கிட்டத்தில் வேண்டும், கட்டிலுக்குத் தள்ளி வேண்டும். வண்டியின் இரண்டு ஓரத்திலும் துளை போட்ட இரும்புப் பட்டையைப் பற்றவைத்து, தட்டைத் தேவையான துளைக்கு நகர்த்தி மாட்டுகிற மாதிரி செய்துகொண்டாள். நடுவில் மட்டும் அப்படி முடியவில்லை. அங்கே தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்ததால் மேலே பிளைவுட் பலகை போட்டிருந்தாள். அந்தப் பலகையிலேயே ஒரு தட்டைப் பதித்தாள்.

"பீரோவுக்கு சீட் பெல்ட்டு போடறா பாருங்கடா," என்று அய்யாசாமி சிரித்தார். வரிசையே சிரித்தது.

கோடு விழாமல் வந்து இறங்கிய ஃபிரிட்ஜ்கள் பிளாக் பிளாக்காகப் பேசின. ஜனங்கள் ஸ்டாண்டுக்கு வந்து, "அந்த லேடி வண்டி இருக்குங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகு சிரிப்பு நின்றது. அவள் வண்டியின் கண்ணாடியில் வெற்றிலை எச்சில் கிடந்தது. டயரில் காற்று இறங்கியிருந்தது. யார் செய்தது என்று கேட்டால் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

லோடு ஏற்ற இறக்க அவளோடு வந்தவன் வேணு. அய்யாசாமியின் மச்சான், அவர் மனைவியின் தம்பி. மூட்டை தூக்கியே தோள் இறுகிப்போன ஆள். அவளோடு போவதற்காக அவனுக்கு வீட்டில் திட்டு விழுந்தது. ஆனால் வேலை அவள் வண்டிக்குத்தான் வந்தது, அவன் அங்கே போனான். அவளோடு அதிகம் பேச மாட்டான். டீக்கடையில் தள்ளி நின்று குடிப்பான். அவளும் அதைக் கண்டுகொள்ளாமல் இருந்தாள்.

மழை விட்டு விட்டுப் பெய்த கார்த்திகையில் ராமலிங்கம் என்பவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார். ரிட்டயர் ஆகி நெல்லிக்குப்பத்தில் கட்டிய வீட்டுக்குப் போகிறார். கட்டில், ஃபிரிட்ஜ், மாவரைக்கும் கிரைண்டர், கனமான பழைய ஸ்டீல் பீரோ. பீரோவை நடுவில் நிறுத்தி, நடுத்தட்டின் வளையத்தில் பெல்ட்டை மாட்டி இறுக்கினாள். வேணு பின்னால் கதவோரம் காலை மடக்கி உட்கார்ந்தான். ராமலிங்கம் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார்.

டவுன்ஷிப்பை விட்டு வெளியே வந்ததும், பஸ் ஒன்று எந்த சைகையும் காட்டாமல் முன்னால் நின்றது. அன்புக்கரசி பிரேக்கை அழுத்தி இடது பக்கம் ஒடித்தாள். பின்னால் துணி கிழிவது போல ஒரு சத்தம். அதற்கு மேல் ஓர் இரும்பு இடி. அதற்கும் மேல் வேணுவின் குரல்.

அவள் இறங்கி ஓடிவந்தபோது பீரோ சாய்ந்து கிடந்தது. அதன் கீழே வேணுவின் வலது கால் இருந்தது. ராமலிங்கம் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு வந்தார். ரோட்டில் போனவர்களும் அவருமாகப் பீரோவைத் தூக்கினார்கள். பாதம் இருந்த இடத்தில் செருப்பும் சதையும் ஒன்றாகிக் கிடந்தன.

"ஆடாதுன்னு சொன்னியேம்மா!" என்று ராமலிங்கம் கத்தினார். "ஊரே சொல்லுச்சேன்னுதானே ஒன் வண்டிய கூப்பிட்டேன்!"

வேணுவை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாத எலும்புகள் நொறுங்கிப்போயின, பழையபடி நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். வேணுவின் மனைவி வளர்மதி வந்ததும் அன்புக்கரசியைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னாள். "போயிடு."

திரும்பி வந்து வண்டியைப் பார்த்தாள். நடுத்தட்டு பெல்ட்டோடு தனியாகக் கிடந்தது. தட்டின் துளைகள் காலியாக இருந்தன. போல்ட் ஒன்றைக்கூடக் காணோம். தேடினாள், இல்லை. முந்தின நாள் முழுக்க வண்டி ஸ்டாண்டில்தான் நின்றது. டயரில் காற்றை இறக்கியவன் நட்டைக் கழற்ற மாட்டானா?

நேரே ஸ்டாண்டுக்குப் போனாள். சாயங்காலம், எல்லாரும் இருந்தார்கள். அய்யாசாமி அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"போல்ட்ட கழட்டினது யாரு?" என்றாள்.

"இன்னாது?"

"என் வண்டில போல்ட்ட கழட்டினது யாருன்னு கேக்கறேன். ஒங்களுக்குத் தெரியாம இங்க ஒரு ஆணி கூட நவுறாது."

அய்யாசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார். "என் மச்சான ஏத்திகினு போற வண்டில நான் எதுக்குடி போல்ட்ட கழட்டப் போறேன்? அறிவிருக்கா ஒனக்கு?"

அந்தக் கேள்வியில் இருந்த நியாயம் அவளுக்குப் பட்டது. ஆனால் அவளால் நிறுத்த முடியவில்லை. "அவரு என் வண்டில வர்றது ஒங்களுக்கு ஆவல. அதான்."

"அவன் கால ஒடச்சிட்டு எங்கிட்ட வந்து நிக்கறியா? ஒங்க தெருவு ஆளுங்கள எங்க வெக்கணுமோ அங்க வெக்காததுதான் தப்பு. கூடைய தூக்கிகினு சாணி அள்ள வேண்டியவ, ஸ்டேரிங்க புடிச்சா இப்பிடித்தான்..."

அவர் முடிக்கவில்லை. அவள் கை அவர் கன்னத்தில் விழுந்தது.

வரிசையில் யாரும் அசையவில்லை. அய்யாசாமி கன்னத்தைத் தொடக்கூட இல்லை. அவர் கண் மட்டும் மாறியது. அன்புக்கரசி வண்டியில் ஏறி, சாவியைத் திருப்பி, கிளப்பிக்கொண்டு போனாள்.

காலனி முனையில் அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரத்தில் பைக்குகள் வந்து நின்றன. யாரும் உள்ளே வரவில்லை. இன்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டே இருந்தார்கள். காலனிப் பையன்களும் எதிரே போய் நின்றார்கள். பெரியவர்கள் நடுவில் புகுந்து பேச்சுக்கு ஏற்பாடு செய்தார்கள். அவள் புருஷன் மதிவாணன் மைன்ஸில் கன்வேயர் பக்கம் கான்ட்ராக்ட் ஆள். ஷிப்ட் முடிந்து வந்தவன் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினான்.

"கைய வெச்சிகினு சும்மா இருக்க முடியாதா ஒனக்கு? எங்கூட வேல செய்யறவன்ல பாதிப் பேரு ஊர்த்தெருவு. நாளைக்கி நான் எவன் மூஞ்சில முழிக்கறது?"

"அவன் சொன்ன வார்த்த ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். எல்லாருக்கும் தெரியும். காலங்காலமா சொல்றதுதான். எல்லாரும் அறைஞ்சிகினா இருக்காங்க?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

பேசி முடித்தார்கள். அவள் இனி அந்த ஸ்டாண்டில் வண்டி போடக் கூடாது. அய்யாசாமியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். முதலாவதுக்கு அவள் தலையாட்டினாள். இரண்டாவதுக்கு ஆட்டவில்லை. "போல்ட்ட கழட்டினவன் மொதல்ல வேணுகிட்ட மன்னிப்பு கேக்கட்டும்," என்றாள். அவள் பக்கத்துப் பெரியவர்களே அவளை முறைத்தார்கள்.

பிறகு ஒரு பகலில், மழை ஓய்ந்து வெயில் வந்ததும், வண்டியின் பலகையைப் பெயர்த்தாள். சும்மா கிடக்கிற நேரத்தில் தரைத்தகட்டையாவது ஒட்டுப் போடலாம் என்று நினைத்தாள். மேலே பெயின்ட்டோடு நன்றாக இருந்த பலகை, அடியில் நனைந்த ரொட்டி மாதிரி பிய்ந்து வந்தது. பலகைக்கும் துருப்பிடித்த தகட்டுக்கும் இடையில் இருந்த சந்தில் போல்ட்கள் கிடந்தன. எல்லாமே கிடந்தன. ஒவ்வொன்றிலும் நட்டு அவள் முறுக்கிய இடத்திலேயே இறுகியிருந்தது. சின்னச் சின்ன வாஷர்களைச் சுற்றி உளுத்த மரம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரேக் போட்டபோது உளுத்த பலகை நொறுங்கி, போல்ட்கள் சாய்ந்து, அவற்றின் தலைகள் தட்டின் அகலமான பழைய துளைகளிலிருந்து நழுவி, எல்லாம் அந்தச் சந்தில் விழுந்திருந்தன.

யாரும் எதையும் கழற்றவில்லை.

அவள் ஒரு போல்ட்டைக் கையில் எடுத்து நட்டைத் திருகிப் பார்த்தாள். ஸ்பேனர் இல்லாமல் அசையவில்லை. எவ்வளவு பலமாக இறுக்கியிருக்கிறாள்! இறுக்கம் எல்லாம் சரி, பிடித்துக்கொள்ள அடியில் ஒன்றும் இல்லை. மழைத்தண்ணீர் ஓட்டை வழியாக வந்து வந்து பலகையைத் தின்றிருக்கிறது. அவள் ஒரு தடவைகூடக் குனிந்து அடியில் பார்க்கவில்லை.

மதிவாணன் வந்து பார்த்தான். அவனுக்குச் சொல்ல வேண்டிய தேவை இல்லை, மைன்ஸில் இதைவிடப் பெரிய போல்ட்களைப் பார்த்தவன். குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"தூக்கிப் போட்டுடு. யாருகிட்டயும் மூச்சு விடாத. இப்பத்தான் அடங்கிகினு இருக்கு."

"வேணு கால் போனது என்னாலதான்."

"போனது போயிடுச்சி. நீ சொன்னா திரும்பி வருமா? சொன்னியானா ஒன்ன மென்னு துப்பிடுவானுங்க."

அவன் சொன்னது சரி என்று அவளுக்கும் தெரிந்தது. அன்றைக்கு அவள் எங்கும் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. சோறு இறங்கவில்லை. அய்யாசாமியை நினைத்தால் அவர் சொன்ன வார்த்தை ஞாபகத்துக்கு வந்து உடம்பு எரிந்தது. வேணுவை நினைத்தால் எரிச்சல் தன் மேலேயே திரும்பியது. இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைக்கக் கூடாது, தனித்தனியாகப் பிரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்ற சில நாட்கள் ஆயின.

ஒரு காலையில் போல்ட்களைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டாண்டுக்கு நடந்தே போனாள். அவள் வருவதைப் பார்த்து ஆட்கள் எழுந்தார்கள். அய்யாசாமி எழவில்லை. அவள் அவர் முன்னால் பையைக் கவிழ்த்தாள். போல்ட்கள் மண்ணில் விழுந்தன.

"எல்லாம் என் வண்டிலயே இருந்துச்சி. பலக உளுத்துப்போயி பிச்சிகினு வந்திருக்கு. நீங்க கழட்டல. யாரும் கழட்டல. எல்லாரும் இருக்கும்போது நீங்கதான்னு சொன்னேன், அது தப்பு. அத எல்லாரும் இருக்கும்போதே சொல்லணும்னு வந்தேன்."

அய்யாசாமி குனிந்து ஒரு போல்ட்டை எடுத்துப் பார்த்தார். "அப்ப அறைஞ்சது?"

"அதுக்கு வரல."

"அதுக்குத்தாண்டி வரணும் நீ!"

"நீங்க சொன்ன வார்த்தைக்கு அறைஞ்சேன். அந்த வார்த்தைய நீங்க திருப்பி எடுத்துக்குங்க, அறைஞ்சத நானும் எடுத்துக்கறேன்."

அவர் போல்ட்டை அவள் காலடியில் விட்டெறிந்தார். "போடி."

அவள் போனாள். முதுகுக்குப் பின்னால் யாரோ காறித் துப்பும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

மதிவாணன் சொன்னபடியே நடந்தது. அந்த லேடி வண்டியில் பலகை உளுத்தது, அவளே ஒத்துக்கொண்டாள் என்று பிளாக் பிளாக்காகச் செய்தி போனது. அய்யாசாமி அதைச் சொல்லச் சலிக்கவே இல்லை. வண்டி பேசிவிட்டுப் போனவர்கள் போன் எடுக்கவில்லை. வேணுவின் வீட்டுக்குப் போய் நேரில் சொல்லப் பார்த்தாள். வளர்மதி அவளை வாசலிலேயே நிறுத்தி, முழுவதையும் கேட்டுவிட்டு, கதவைச் சாத்தினாள். உள்ளே வேணு இருமுவது கேட்டது.

வேலை இல்லாத அந்த நாட்களில் வண்டியை வெல்டிங் பட்டறையில் விட்டாள். உளுத்த பலகை போய், புதுத் தகடு வந்தது. ஒவ்வொரு வளையத் தட்டுக்கும் நேர் அடியில், தகட்டுக்குக் கீழே, அதைவிடப் பெரிய இன்னொரு தட்டை வைத்து, இரண்டையும் சேர்த்து போல்ட் போடச் சொன்னாள். பட்டறைக்காரர் "இவ்ளோ பெருசு எதுக்கு?" என்று கேட்டார். "பெருசாவே போடுங்க," என்றாள். போட்ட பிறகு பாதாளக் கரண்டி போல ஒரு கொக்கியை மாட்டி, பட்டறையில் பாரம் தூக்கும் செயின் பிளாக்கால் இழுக்கச் சொன்னாள். வண்டியின் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. தட்டு அசையவில்லை. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, முன்னமே இதைச் செய்திருக்கலாமே என்ற ஆத்திரம்தான் வந்தது.

வேணு அவளைத் தேடி வந்தது தை மாதம் கழிந்த பிறகு. காலனிக்குள் வரவில்லை, முனையில் கம்பை ஊன்றிக்கொண்டு நின்று ஆள் அனுப்பினான். வலது பாதம் உள்பக்கம் மடிந்திருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

"எனக்கு வேல குடு," என்றான்.

"ஒங்க மாமா ஸ்டாண்டுல?"

"தூக்க முடியாதவன வெச்சிகினு என்னா பண்றதுன்னு கேக்கறாரு. கால ஒடச்சவகிட்ட போயி கேளுங்கறாரு. வந்துட்டேன். குடு."

அவன் குரலில் கெஞ்சல் இல்லை. கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்கிற குரல். அன்புக்கரசிக்கு அது பிடிக்கவும் இல்லை, மறுக்கவும் முடியவில்லை. "யோசிச்சி சொல்றேன்," என்றாள்.

"நீ என்னா யோசிக்கறது," என்றுவிட்டு அவன் கம்பை ஊன்றிப் போனான்.

தூக்க முடியாத ஆளுக்கு லோடு வேலையில் என்ன இடம்? உட்கார்ந்த இடத்தில் பிடித்துக்கொள்ள முடியும். தோளும் கையும் அப்படியே இருக்கின்றன. மாடி வீட்டிலிருந்து பீரோவை இறக்கும்போது மேலே ஒருவன் பெல்ட்டைப் பிடித்து மெல்ல மெல்ல விட்டால், கீழே ஒருவர் திசை காட்டினால் போதும். ஆனால் மேலே பெல்ட்டை எதில் மாட்டுவது? குவார்ட்டர்ஸ் சுவரில் துளை போட்டால் காலி செய்கிறவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மேலும், சுவரின் காரையை நம்பி எதையும் தொங்கவிட அவளுக்கு இனி மனசு வராது.

வழி கதவில் கிடைத்தது. கதவின் அகலத்தைவிட நீளமான கனத்த இரும்புக் குழாய் ஒன்றை வீட்டின் உள்பக்கமாகக் குறுக்கே வைத்தால், வெளியிலிருந்து எவ்வளவு இழுத்தாலும் அது இரண்டு பக்கச் சுவரிலும் முட்டிக்கொண்டு நிற்கும். சுவர் காயப்படாமல் இரண்டு முனையிலும் பழைய டயர் துண்டைச் சுற்றினாள். வண்டியில் இருப்பது போன்ற வளையத் தட்டை யு-கிளாம்ப் போட்டுக் குழாயின் நடுவில் பிடித்தாள். நீளமான லாரி பெல்ட்டை வளையத்தில் கோத்து, குழாயிலும் சுற்றி விட்டால், பிடித்திருப்பவன் கைக்குப் பாரத்தில் கொஞ்சம்தான் வரும்.

அவளை நம்பிக் கூப்பிட்டது பவித்ரா என்ற பெண். பெர்மனென்ட் வேலை கிடைத்து வந்தவள், வெளியூர்க்காரி, ஸ்டாண்டு கதையெல்லாம் தெரியாது. இரண்டாவது மாடியிலிருந்து கீழ்வீட்டுக்கு மாறுகிறாள். தேக்குப் பலகை வைத்த பெரிய பீரோ. அன்புக்கரசி ஆள் அனுப்பினாள். வேணு வந்தான். குழாயைப் பார்த்தான், வளையத்தைப் பார்த்தான், தட்டின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"இதுவாவது நிக்குமா?"

"ரெண்டு நாளு மண்ணு மூட்டைய கட்டி இழுத்துப் பாத்துட்டேன்."

"பீரோவையும் அப்பிடி இழுத்துப் பாத்திருக்கலாம்," என்றான்.

மெத்தையைப் படியில் விரித்து, பீரோவை அதன் மேல் படுக்கவைத்தாள். வேணு கதவுக்கு உள்ளே உட்கார்ந்து, நல்ல காலைச் சுவரில் ஊன்றி, பெல்ட்டின் வாலைக் கையில் சுற்றிக்கொண்டான். அவள் பீரோவுக்குக் கீழே, படியில், இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "விடுங்க," என்றாள். பெல்ட் குழாயில் உராய்ந்து இறங்கியது. பீரோ ஒரு படி வந்தது. இன்னொரு படி. திருப்பம் வரை வந்தது. திருப்பத்தில் அவள் சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் இருந்தாள். ஒதுங்க இடம் இல்லை.

பெல்ட் நின்றது.

"விடுங்க," என்றாள் மறுபடியும்.

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கதவு வழியாக வேணுவின் முகம் தெரிந்தது. அவன் கையில் இருந்த பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப கைய எடுத்தேன்னு வையி?" என்றான்.

"எடுத்தா என் காலு போவும். இடுப்பும் போவும்."

"அதத்தான் நெனச்சிகினு இருக்கேன்."

"வர்ற வழில இருந்தே நெனச்சிகினு வந்தீங்களா?"

"ஆஸ்பத்திரில இருந்தே."

கீழே பவித்ரா, "என்னாச்சுக்கா?" என்று கேட்டாள். பீரோவின் எடை மெத்தை வழியாக அன்புக்கரசியின் கையில் துடித்தது. அவள் அவனிடம் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அவனும் அவளைப் பார்த்தான். வியர்வை அவன் மூக்கு நுனியில் திரண்டு விழுந்தது.

"கொஞ்சம் எடது பக்கம் திருப்பு," என்றான் கடைசியில். "சொவத்துல இடிக்குது."

அவள் திருப்பினாள். பெல்ட் இறங்கியது. பீரோ தரைக்கு வந்தபோது அதில் ஒரு கோடுகூட இல்லை. அவள் வெளியே போய் மரத்தடியில் வாந்தி எடுத்தாள். வேணு குழாயைக் கழற்றி, பெல்ட்டைச் சுருட்டி, வண்டியில் போட்டுவிட்டு, அவளோடு வராமல் பஸ் ஸ்டாப்புக்கு நொண்டி நடந்தான். அடுத்த வேலைக்கு ஆள் அனுப்பியபோது மறுபடியும் வந்தான்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் கடலூர்ப் பக்கம் புயல் வருகிறது என்று டிவியில் சொல்லத் தொடங்கினார்கள். முன்பு ஒரு புயலில் மாடித் தண்ணீர்த் தொட்டிகள் பறந்து போனதைப் பார்த்த ஜனம் அது. வடக்குத்துப் பக்கம் தனி வீடு கட்டியிருந்தவர்கள், மாடிப்படியில் பீரோ இறக்குகிற அந்த வண்டிக்காரியைக் கூப்பிட்டு, தொட்டியைக் கட்ட முடியுமா என்று கேட்டார்கள். தளத்தில் துளை போட்டால் ஒழுகும். அவள் கைப்பிடிச் சுவரின் அடியில் மழைநீர் போகிற ஓட்டைகளைப் பார்த்தாள். ஓட்டை வழியாக பெல்ட்டை வெளியே விட்டு, வெளிப்பக்கம் குறுக்காக ஒரு கம்பியைக் கோத்து, உள்பக்கம் தொட்டியின் மேலே சுற்றி இறுக்கினாள். வளையத் தட்டுக்குப் பதில் கம்பி, கதவுக்குப் பதில் சுவர், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு சுவரையும் முதலில் சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். உள்ளே காலியாக இருப்பது போலச் சத்தம் வந்த சுவரில் கட்ட மாட்டேன், தொட்டியைத் தண்ணீரால் நிரப்பி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்காக ஒரு வீட்டுக்காரர் அவளைத் திட்டினார்.

அய்யாசாமியின் வீடும் அந்த வரிசையில்தான் இருந்தது. பக்கத்து மாடியில் அவளும் வேணுவும் வேலை செய்யும்போது அவர் தன் மாடியில் நைலான் கயிற்றால் தொட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். காற்று அப்போதே அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தது. அவர் ஒரு தரம் நிமிர்ந்து தன் மச்சானைப் பார்த்தார். வேணு பார்க்காதது போல பெல்ட்டை இறுக்கினான்.

"ஒங்க மாமாவுக்கு ஒண்ணு கட்டிக் குடுக்கறதுன்னா குடுங்க," என்றாள் அன்புக்கரசி. "நான் கீழ போயிடறேன்."

"அவரு கேக்கட்டும்," என்றான் வேணு.

அவர் கேட்கவில்லை. புயல் அடித்தது, டவுன்ஷிப்பில் மரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்தன, கரண்ட் போனது. அவள் கட்டிய தொட்டிகள் நின்றன. அய்யாசாமி கயிற்றால் கட்டிய தொட்டியும் நின்றது. மரம் அள்ளவும் சாமான் மாற்றவும் எல்லா வண்டிக்கும் வேலை வந்தது. ரோட்டில் எதிரெதிரே வரும்போது அவர் வண்டி வழி விடாது. அவளும் விடமாட்டாள். யாராவது ஹார்ன் அடித்துக் கத்திய பிறகு இருவரில் ஒருவர் ஒதுங்குவார்கள்.

இப்போது அன்புக்கரசி ஸ்டாண்டு எதிலும் இல்லை. போனில்தான் வேலை வருகிறது. ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துத் தட்டுகளைப் பார்க்கிறாள். மதிவாணன் அதைப் பார்த்து ஒன்றும் சொல்வதில்லை. மைன்ஸில் சிலர் அவனோடு இன்னும் பேசுவதில்லை, அந்தக் கோபத்தை அவன் வீட்டில் காட்டுவதும் நிற்கவில்லை. வளர்மதி கடைத்தெருவில் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள். வேணு வருகிறான், வேலையைச் செய்கிறான், பேசிய கூலியை வாங்கிக்கொண்டு போகிறான். பெல்ட்டை அவனைப் போல விடுகிற ஆள் அவளுக்குக் கிடைக்க மாட்டான், அது இருவருக்கும் தெரியும்.

சமீபத்தில் ஒரு வீட்டில், வேணு கதவுக்குள் உட்கார்ந்து குழாயைச் சரிபார்ப்பதைப் பார்த்து வீட்டுக்காரம்மா அன்புக்கரசியிடம் கேட்டாள்.

"ஒங்க சொந்தக்காரருங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வேணு சொன்னான். "இல்லீங்க. இவதான் என் கால ஒடச்சவ."

வீட்டுக்காரம்மா திகைத்து அன்புக்கரசியின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள் அன்புக்கரசி. "பீரோவ கீழ எந்த ரூம்புல வெக்கணும்னு சொல்லுங்க."